கைநாட்டும் கியூஆர் கோடும்: மூத்தோரின் வங்கிக் கேள்விகள்

வங்கி, ஏடிஎம், பென்ஷன், யுபிஐ பற்றி மூத்த வாசகர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளும் எழுதிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம். வங்கிகளின் பெயர்களை எடுத்துவிட்டோம்.

எனக்கு 74 வயது. கை நடுங்குகிறது. வீட்டு வரிக்குக் கொடுத்த செக் 'கையெழுத்து மாறுபடுகிறது' என்று இரண்டு முறை திரும்பிவிட்டது. கைநாட்டுக்கு மாறிவிடச் சொல்கிறான் பேரன். மாறலாமா?
வாசகர், திருநெல்வேலி

அவசரப்பட வேண்டாம். கைநாட்டுக் கணக்கு என்று பதிவாகிவிட்டால் பல கிளைகளில் செக் புத்தகம் கிடைக்காது. பணம் எடுக்க ஒவ்வொரு முறையும் நேரில் போய் நிற்க வேண்டிவரும். கையெழுத்துப் போட முடிகிறவரை அதை விடாதீர்கள். மாற்ற வேண்டியது வங்கியிடம் இருக்கும் மாதிரிக் கையெழுத்தைத்தான்.

இருபது வருடத்துக்கு முன்னால் சுழித்துப் போட்ட கையெழுத்துதான் இன்னமும் கம்ப்யூட்டரில் இருக்கும். இன்று நீங்கள் போடுவதை அதோடு ஒப்பிட்டுத்தான் செக்கைத் திருப்புகிறார்கள். ஆதாரும் பாஸ்புக்கும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய், மாதிரிக் கையெழுத்தை மாற்ற வேண்டும் என்று கேளுங்கள். ஒரு படிவம் தருவார்கள்; அதிகாரி முன்னால் புதிய கையெழுத்தைப் போட்டால் ஸ்கேன் செய்து ஏற்றிவிடுவார்கள். புதிய கையெழுத்து சின்னதாக இருக்கட்டும். இனிஷியலும் பெயரின் முதல் நாலைந்து எழுத்தும் போதும். கூட்டெழுத்தாக இழுத்து எழுதாமல் தனித்தனி எழுத்தாக எழுதினால் நடுக்கம் அவ்வளவாகத் தெரியாது. தமிழிலும் போடலாம்.

கிளம்பும் முன் ஒன்றைக் கவனியுங்கள். பழைய கையெழுத்தில் கொடுத்து இன்னும் பணமாகாத செக் வெளியே இருந்தால், அது முடிந்த பிறகு மாற்றுங்கள். இல்லாவிட்டால் அதுவும் திரும்பும். செக்கின் ஆயுள் மூன்று மாதம்தான், காத்திருப்பது கடினமில்லை. லாக்கர், வேறு வங்கிக் கணக்கு, டீமேட் (பங்குகளுக்கான கணக்கு) இருந்தால் அங்கெல்லாம் தனித்தனியாக மாற்ற வேண்டும்.

நடுக்கத்துக்கு மாத்திரை எடுப்பவர் என்றால், அது வேலை செய்யும் நேரமாகப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். முழங்கை மேஜையில் படிய உட்கார்ந்து, தடித்த பால்பாயின்ட் பேனாவால் போடுங்கள். கவுன்ட்டர் விளிம்பில் நின்றுகொண்டு போட்டால் யார் கையெழுத்தும் கோணும்.

செக் திரும்புவதைச் சின்ன விஷயமாக விடாதீர்கள். கையெழுத்து மாறுபாட்டால் திரும்பினாலும் செக் திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு பொருந்தக்கூடும் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லியிருக்கிறது.

மாமியாருக்கு 81 வயது, பக்கவாதம். கணக்கு அவர் பேரில் மட்டும்தான். நினைவு நன்றாக இருக்கிறது, பேசுகிறார். 'ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்க' என்கிறது வங்கி. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போவதா?
வாசகி, ஈரோடு

வேண்டாம். இதற்கு ரிசர்வ் வங்கி வகுத்த முறை வெகுகாலமாக இருக்கிறது. புதிதாக வந்த ஊழியருக்குத் தெரியாமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

வங்கிக்கு வர முடியாதவர், ஆனால் ரேகை வைக்க முடிகிறவர் என்றால், பணம் எடுக்கும் படிவத்தில் கைப் பெருவிரல் ரேகை வாங்க வேண்டும். கை ஒத்துழைக்காவிட்டால் கால் பெருவிரல் ரேகை. அந்த ரேகை அவருடையதுதான் என்று வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் உறுதி செய்ய வேண்டும். அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரி. ரேகைகூட வைக்க முடியாதவர் என்றால் ஒரு கோடோ புள்ளியோ, ஏதாவது ஓர் அடையாளம் போதும். சாட்சி விதி அதேதான். பணத்தை யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதை மாமியார்தான் சொல்ல வேண்டும். அந்த ஆளையும் இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்டுவார்கள். அவரது கையெழுத்தையும் வங்கி வாங்கிக்கொள்ளும்.

ஆகவே வங்கி அதிகாரி வீட்டுக்கு வந்தாக வேண்டும். வாய்ச்சொல்லாகக் கேட்டால் 'பார்க்கலாம்' என்றுதான் பதில் வரும். மேலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: கணக்கு எண், வீட்டு முகவரி, நோயின் நிலை, எவ்வளவு தொகை, யார் வாங்கிக்கொள்வார். டாக்டர் சான்றிதழின் நகலை இணைத்து, உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பென்ஷன் நாளும் மாத முதல் வாரமும் கிளையில் கூட்டம் அதிகம். பத்தாம் தேதிக்குப் பிறகு கேட்டால் ஆள் அனுப்புவது அவர்களுக்கும் எளிது. அதிகாரி வரும் நாளில் மாமியாரின் விரலை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி வையுங்கள். மை பேடில் லேசாகத் தொட்டு, ஒரே முறை உருட்டி எடுக்க வேண்டும். மை அப்பினால் ரேகை வெறும் கறையாகிவிடும்.

மாதாமாதம் இது நடக்காது என்பது உண்மைதான். அதற்கு வீட்டுவாசல் வங்கிச் சேவை இருக்கிறது. 2017 நவம்பர் 9 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை, 70 வயதைக் கடந்தவர்களுக்கும் நாள்பட்ட நோயோ உடல் குறைபாடோ இருப்பதாக மருத்துவச் சான்று உள்ளவர்களுக்கும் பணம் கொண்டுவந்து தருவது, பணமும் செக்கும் வாங்கிப்போவது, கேஒய்சி எனும் அடையாள, முகவரி ஆவணங்களையும் வாழ்நாள் சான்றிதழையும் வீட்டிலேயே பெறுவது ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. பொதுத்துறை வங்கிகள் இதற்காகப் பொதுவான ஒரு சேவையையே நடத்துகின்றன. எத்தனை கிலோமீட்டருக்குள், எவ்வளவு தொகை வரை, என்ன கட்டணம் என்பது வங்கிக்கு வங்கி வேறு. முன்பதிவு செய்ததும் ஒரு சேவைக் குறியீடு வரும். வருகிற ஆள் சொல்லும் குறியீடும் உங்களிடம் உள்ளதும் ஒன்றாக இருந்தால் மட்டும் காகிதத்தைக் கையில் கொடுங்கள்.

'ஆயிரம், ரெண்டாயிரம் எல்லாம் கவுன்ட்டர்ல தர மாட்டோம், ஏடிஎம் போங்க' என்கிறார்கள். எனக்கு ஏடிஎம் கார்டே கிடையாது.
வாசகர், விருத்தாசலம்

கார்டு வாங்காதது குற்றமில்லை. மேலே சொன்ன 2017 சுற்றறிக்கை எழுதப்பட்டதே, கிளைகள் மூத்தோரைத் திருப்பி அனுப்புவது கவனத்துக்கு வந்ததால்தான். மூத்தோருக்குத் தனி கவுன்ட்டர், இல்லாவிட்டால் முன்னுரிமை தரும் கவுன்ட்டர் இருக்க வேண்டும். கேட்டால் சேமிப்புக் கணக்குக்கு வருடத்துக்கு 25 செக் இலைகளாவது இலவசமாகத் தர வேண்டும். பழைய செக் புத்தகத்தில் உள்ள கோரிக்கைச் சீட்டைக் கொடுத்தனுப்பினால், நீங்களே நேரில் வர வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது.

மறுத்தால் சண்டை வேண்டாம். 'இதை எழுதிக் கொடுங்கள்' என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அதிலேயே பணம் வந்துவிடும். வராவிட்டால் வங்கிக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், கட்டணம் கிடையாது. எப்படி எழுதுவது என்று தெரிந்துகொள்ள 14448-க்கு அழையுங்கள்.

எங்கள் ஊரில் வங்கி இல்லை. கடையில் ரேகை வைத்துத்தான் அம்மாவின் முதியோர் உதவித்தொகையை எடுக்கிறோம். பாதி நாள் ரேகை விழுவதில்லை. போன மாதம் மூன்று தடவை வைத்தும் 'ஃபெயில்' என்றார் கடைக்காரர். பாஸ்புக்கில் பார்த்தால் ஒரு தடவை பணம் போயிருக்கிறது.
வாசகர், கல்வராயன்மலை

இரண்டும் வேறு வேறு சிக்கல். முதலில் ரேகை. வயதானால் விரல் நுனித் தோல் மெலிந்து வறண்டு, ரேகை மேடுகள் தேய்ந்துவிடுகின்றன. பாத்திரம் துலக்கிய கை, களை பிடுங்கிய கை என்றால் இன்னும் மோசம். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டு, விரல்களை ஒன்றோடொன்று அரை நிமிடம் தேய்க்கச் சொல்லுங்கள். கருவியின் கண்ணாடியையும் துடைக்கச் சொல்லுங்கள். முன்னால் வைத்தவரின் வியர்வை அதில் படிந்திருக்கும். விரல் நுனியைக் குத்தி வைக்கக் கூடாது. சதைப்பகுதி முழுதும் பட வைக்க வேண்டும். அழுத்தி வைத்தால் பதியும் என்று நினைத்துக் கடைக்காரர் விரலைப் பிடித்து அமுக்குவார். அமுக்கினால் மேடு பள்ளம் தட்டையாகி ரேகை கலங்கிவிடும். பெருவிரல்தான் என்று விதியில்லை, பத்து விரலில் எதுவும் வைக்கலாம். நடு விரலும் மோதிர விரலும் பலருக்கு நன்றாக விழும். எது விழுகிறது என்று ஒரு நாள் பொறுமையாகப் பார்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரையில் வரும் ஆதார் பிழை எண்ணையும் கேளுங்கள். 300 என்றால் ரேகை பொருந்தவில்லை. 330 என்றால் ரேகைப் பயன்பாடு பூட்டப்பட்டிருக்கிறது. எத்தனை விரல் வைத்தாலும் பயனில்லை, திறந்தால்தான் வேலை நடக்கும். எந்த விரலும் விழாவிட்டால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதிதாகப் பதிய வேண்டும்.

இனி பணம். 'ஃபெயில்' ஆன பரிவர்த்தனைக்கும் ஸ்லிப் உண்டு. ஸ்லிப் இல்லாமல் இரண்டாம் முறை விரல் வைக்கக் கூடாது என்பதை அம்மாவுக்கு ஒரு சட்டமாகவே சொல்லிவையுங்கள். வைக்கும் முன் திரையில் அடித்த தொகையைக் கூட வந்தவர் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் அதே கருவியில் இருப்பும் மினி ஸ்டேட்மென்ட்டும் பார்க்க முடியும்.

நெட்வொர்க் கோளாறால் கணக்கில் கழிந்து கையில் பணம் வராமல் போவதும் நடக்கிறது. அப்படியென்றால் ஐந்து நாளுக்குள் வங்கி தானாகவே திருப்பி வரவு வைக்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இது 2019-இல் ரிசர்வ் வங்கி வைத்த கெடு. ஏடிஎம்மில் பணம் வராமல் போனாலும் இதே கெடுதான். உங்கள் விஷயத்தில் ஒரு மாதம் ஓடிவிட்டது. பாஸ்புக் பக்கத்தின் நகலோடு, கணக்கு இருக்கும் கிளையில் இன்றே எழுதிக் கொடுங்கள். கடைக்காரர் உண்மையிலேயே பணம் கொடுத்தாரா என்பதை வங்கி தன் பதிவுகளில் பார்த்துக் கண்டுபிடிக்கும். அவரோடு நீங்கள் வாதாட வேண்டியதில்லை. இன்னொன்று: பணம் எடுத்துத் தருவதற்குக் கடைக்காரர் உங்களிடம் தனியாக இருபது முப்பது என்று கமிஷன் பிடிக்கக் கூடாது. அவருக்குரியதை வங்கி தருகிறது.

பணம் வராத மாதத்தில் 'உதவித்தொகை நின்றுவிட்டது' என்று பதறாமல் ஒன்றைப் பாருங்கள். ஆதாரை வைத்து வரும் அரசுப் பணம், அம்மாவுக்கு எத்தனை கணக்கு இருந்தாலும், ஆதார் இணைப்புப் பட்டியலில் உள்ள ஒரே ஒரு வங்கிக்குத்தான் போகும். நடுவில் யாராவது வேறு வங்கியில் புதுக்கணக்கு தொடங்கி ஆதாரை இணைத்திருந்தால் பணம் அங்கே சேர்ந்துகொண்டிருக்கும். எந்த வங்கி என்பதை மைஆதார் தளத்தில் பார்க்கலாம். ஆதாரில் பதிந்த செல்லுக்கு ஓடிபி வரும்.

மத்திய அரசு பென்ஷனர் நான். வாழ்நாள் சான்றிதழை செல்போனில் முகத்தைக் காட்டியே கொடுக்கலாமாமே? இரண்டு வருடம் முயன்றும் எனக்கு வரவில்லை.
வாசகர், ஆவடி

வரும். இரண்டு செயலிகள் வேண்டும்: ஒன்று ஜீவன் பிரமாண், மற்றது ஆதார் ஃபேஸ்ஆர்டி. ஃபேஸ்ஆர்டி தனியாகத் திறக்காது, பின்னணியில் வேலை செய்யும். 'இறக்கினேன், ஐகானையே காணோம்' என்று பலர் நின்றுவிடுவது இங்கேதான். போனின் கேமரா 5 மெகாபிக்சலாவது இருக்க வேண்டும்.

முதலில் இயக்குபவரின் ஆதார், செல் எண், முகம். அது மகளாக இருக்கலாம், நீங்களாகவே இருக்கலாம். அதன் பிறகுதான் பென்ஷனரின் விவரம்: ஆதார், பிபிஓ எண் (பென்ஷன் ஆணையின் எண்), கணக்கு எண், பென்ஷன் அனுமதித்த துறை, பென்ஷன் தரும் வங்கி. கடைசியில் முகம். வெளிச்சம் முகத்துக்கு நேரே விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டடித்துவிடும். கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். பின்னால் வெறும் சுவர் இருக்கட்டும். வட்டத்துக்குள் முகத்தை வைத்து, இமைக்கச் சொல்லும்போது மெதுவாக, முழுசாகக் கண்ணை மூடித் திறக்க வேண்டும். கண் அறுவை செய்தவர்கள் படபடவென்று இமைப்பதால் பிடிக்காமல் போகும்.

பிரமாண் எண் குறுஞ்செய்தியில் வந்ததும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். அது சான்றிதழ் உருவானதற்கு அடையாளம் மட்டுமே. பிபிஓ எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலோ, துறையைப் பட்டியலில் மாற்றித் தேர்ந்தெடுத்தாலோ வங்கி நிராகரித்துவிடும். சில நாள் கழித்து ஜீவன் பிரமாண் தளத்தில் நிலவரம் பாருங்கள். நிராகரித்திருந்தால் பழையதைத் திருத்த வழியில்லை. புதிதாக ஒன்று எடுக்க வேண்டும்.

நவம்பர் மாதம்தான் கெடு. 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். தவறினால் டிசம்பர் முதல் பென்ஷன் நிற்கும், கொடுத்ததும் நிலுவையோடு வரும். பி.எஃப். பென்ஷன் வாங்குபவர்கள் வருடத்தில் எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். மாநில அரசு ஓய்வூதியர்களுக்குக் கருவூலத்தின் நேர்காணல் தனி. நவம்பர் கணக்கை அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மறுமணம் செய்தவர்களும் மறுபடி வேலையில் சேர்ந்தவர்களும் செல்போன் வழியில் கொடுக்க முடியாது, காகிதம்தான்.

போன் வேண்டாம் என்றால் தபால்காரரை வரச்சொல்லலாம். இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி மூலம் வீட்டிலேயே எடுத்துத் தருவார். அல்லது பென்ஷன் தரும் வங்கியின் எந்தக் கிளையிலும் காகிதமாகக் கொடுக்கலாம். உங்கள் கிளைதான் என்று கட்டாயமில்லை. ஒப்புகைச் சீட்டை மட்டும் விடாதீர்கள்.

நான் ஓசூரில், அப்பா கிராமத்தில். மெடிக்கல், மளிகைக் கடையில் சில்லறை இல்லை என்று ஜிபே கேட்கிறார்களாம். அப்பாவிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறது. பென்ஷன் கணக்கை அதில் போடப் பயம்.
வாசகி, ஓசூர்

பயம் நியாயமானது. முழு பென்ஷனும் கிடக்கும் கணக்கை யுபிஐயோடு இணைக்க வேண்டியதே இல்லை. எங்கள் முதல் யோசனை: அப்பா பேரிலேயே இன்னொரு சேமிப்புக் கணக்கு. மாதம் மூவாயிரமோ ஐயாயிரமோ மட்டும் அதற்கு மாற்றுங்கள். யுபிஐ அந்தக் கணக்கில். என்ன தவறு நடந்தாலும் நஷ்டம் அதற்குள் நின்றுவிடும். குறைந்தபட்ச இருப்பு கேட்காத அடிப்படைக் கணக்கு வேண்டும் என்றால், அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது. ஆகவே அதை வேறு வங்கியில் தொடங்குங்கள்.

பின் நம்பர் அடிக்கத் தடுமாறுகிறார் என்றால் யுபிஐ லைட். கணக்கிலிருந்து அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை அதில் ஏற்றி வைக்கலாம். ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை பின் இல்லாமலே போகும். அதாவது சட்டைப்பையில் வைத்திருக்கும் ரொக்கம் மாதிரி. போன் தொலைந்தால் அதுவும் போகலாம். போனுக்குப் பூட்டு கட்டாயம்.

உங்கள் பணத்தில் அவர் செலவு செய்யட்டும் என்றால் 2024-இல் வந்த யுபிஐ சர்க்கிள். உங்கள் செயலியில் சர்க்கிளுக்குள் போய், அப்பாவின் கியூஆரை ஸ்கேன் செய்து சேர்க்க வேண்டும். அவர் தன் போனில் ஏற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு வகை உண்டு. முழு அனுமதி என்றால் மாதத்துக்கு 15,000, ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரம்புக்குள் அவரே கட்டிவிடலாம். பகுதி அனுமதி என்றால் அவர் ஸ்கேன் செய்ததும் உங்கள் போனுக்கு வரும், நீங்கள் பின் போட வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் மீட்டிங்கில் இருக்கும்போது அப்பா மருந்துக் கடையில் நிற்பார். முழு அனுமதியைச் சிறிய வரம்போடு வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

திசை மாறிவிடக் கூடாது. அப்பாவின் பணத்தை நீங்கள் செலவு செய்யும் ஏற்பாடு என்றால் அப்பாதான் முதன்மையானவர். எப்போது வேண்டுமானாலும் உங்களை நீக்கும் பொத்தான் அவரிடம் இருக்க வேண்டும்.

பட்டன் போன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு யுபிஐ 123பே, *99# என்று இருக்கின்றன. இன்டர்நெட் வேண்டாம். *99#-இல் ஒவ்வொரு திரைக்கும் எண் அடித்துப் பதில் அனுப்ப வேண்டும். மெதுவாக அடித்தால் பாதியில் அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. கண்பார்வை மங்கியவர்களுக்கு இதை நாங்கள் சொல்ல மாட்டோம். கையில் ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை மாற்றி வைத்துக்கொள்வது அதைவிட எளிது.

பழைய பீரோவை விற்றேன். 'கியூஆர் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வரும்' என்கிறார் வாங்குபவர். சரிதானா?
வாசகர், நாகர்கோவில்

பின் போட்டால் பணம் போகும். வருவதற்கு எதுவும் போட வேண்டாம். பீரோவைக் கொடுக்காதீர்கள்.

ஏடிஎம் கார்டையும் பின்னையும் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துத்தான் எடுத்துவரச் சொல்கிறேன். நல்ல பையன். இதில் தவறு உண்டா?
வாசகி, மன்னார்குடி

பையன் நல்லவனாகவே இருக்கட்டும். சிக்கல் வேறு இடத்தில். பின்னை நீங்களே கொடுத்த பிறகு யார் எடுத்தாலும் 'வாடிக்கையாளரின் கவனக்குறைவு' என்று வங்கி கை கழுவிவிடும். விதியும் வங்கிப் பக்கம்தான். மெஷின் முன்னால் அவனிடமிருந்து வேறொருவர் கார்டை மாற்றிக்கொண்டால் அந்தப் பழியும் அவன் மேல் விழும்.

அவன் உதவியே வேண்டும் என்றால் செக் எழுதிக் கொடுங்கள். தொகை, தேதி, பெயர் எல்லாம் உங்கள் கையில். அவன் பெயரிலேயே எழுதி, குறுக்குக் கோடு போடாமல் கொடுத்தால் உங்கள் கிளையில் ரொக்கமாக வாங்கி வருவான். கார்டை வீட்டில் வைத்து, செல்போன் செயலியிலோ வங்கிக்குப் போன் செய்தோ ஆன்லைன், வெளிநாடு, தொட்டுச் செலுத்தும் வசதி மூன்றையும் அணைத்துவிடுங்கள். தொட்டுச் செலுத்தும் வசதி திறந்திருந்தால் 5,000 ரூபாய் வரை பின் இல்லாமலே கார்டிலிருந்து பணம் போய்விடும்.

என் கணக்கில் மகனின் செல் நம்பர்தான் இருக்கிறது. மாற்ற வேண்டுமா?
வாசகர், கரூர்

மாற்றுங்கள். ஓடிபி எந்த எண்ணுக்கு வருகிறதோ அவர்தான் நடைமுறையில் கணக்குக்குச் சொந்தக்காரர். மகன் மேல் சந்தேகம் என்பதற்காக அல்ல. அவர் சிம்மை மாற்றினாலோ வெளிநாடு போனாலோ பணம் எடுத்த செய்தி உங்களுக்கு வராது. உங்கள் சிம்மையும் ரீசார்ஜ் செய்து உயிரோடு வையுங்கள். 90 நாள் பயன்படுத்தாத எண் முடக்கப்பட்டு, பிறகு வேறொருவருக்குப் போய்விடலாம். அவருக்கு உங்கள் ஓடிபி போகும்.

எனக்கும் மனைவிக்கும் கூட்டுக் கணக்கு. நாமினியாக மகள். இது போதுமா?
வாசகர், காரைக்குடி

பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பாருங்கள். 'எய்தர் ஆர் சர்வைவர்' என்று இருந்தால் இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒருவர் காலத்துக்குப் பின் மற்றவர் தொடரலாம். 'ஜாயின்ட்லி' என்று இருந்தால் ஒவ்வொரு முறையும் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் கணக்கே படுத்துவிடும். மாற்ற இருவரும் சேர்ந்து ஒரு கடிதம் கொடுத்தால் போதும்.

எஃப்.டி.யில் ஒரு கண்ணி இருக்கிறது. எய்தர் ஆர் சர்வைவர் என்று போட்டிருந்தாலும் அது முதிர்ச்சித் தேதிக்குத்தான். இடையில் உடைக்க இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். ஒருவர் இறந்துவிட்டால் மற்றவர் தனியாக உடைக்கலாம் என்ற அனுமதியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இறந்தவரின் வாரிசுகள் எல்லாரும் கையெழுத்திட வேண்டிவரும். இருக்கும் எஃப்.டி.க்கும் இப்போதே கொடுக்கலாம். மருத்துவச் செலவுக்கென்று போட்ட பணம் அவசரத்தில் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இந்த ஒரு வரி இல்லாததால்தான்.

நாமினி என்பவர் பணத்தை வாங்கிப் பாதுகாப்பவர். வாரிசுகளின் பங்கு அதனால் மாறாது. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை மகளால் ஒரு ரூபாய் எடுக்க முடியாது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை போடலாம். டெபாசிட் என்றால் யாருக்கு எத்தனை சதவீதம் என்று பிரித்தும், ஒருவர் இல்லாவிட்டால் அடுத்தவர் என்றும் எழுதலாம். லாக்கருக்கு அடுத்தடுத்து என்பது மட்டும்தான். கைநாட்டு வைப்பவர் என்றால் படிவத்தில் இரண்டு சாட்சிகள் வேண்டும்.

அப்பாவுக்கு மறதி நோய் தொடங்கியிருக்கிறது என்கிறார் டாக்டர். பவர் எழுதி வாங்கிவிட்டால் பிறகு கவலையில்லைதானே?
வாசகர், கோயம்புத்தூர்

கவலை இருக்கிறது. நம் நாட்டின் ஒப்பந்தச் சட்டம் 201-வது பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் மனநலம் இழந்தால் பவர் அத்துடன் முடிந்துவிடும். எப்போது மிகவும் தேவையோ அப்போதுதான் அது செல்லாமல் போகிறது. என் கணக்கை இவர் இயக்கலாம் என்று வங்கிக்குக் கொடுக்கும் மேண்டேட் கடிதமும் இதே கதிதான்.

ஆகவே இப்போது, அவர் புரிந்து கையெழுத்திட முடிகிற நிலையில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை: கணக்கில் அம்மாவையோ நம்பிக்கையான ஒருவரையோ எய்தர் ஆர் சர்வைவராகச் சேர்ப்பது, எஃப்.டி.களில் அதே மாற்றம், நாமினி, மின்கட்டணம் காப்பீட்டுப் பிரீமியம் போன்றவை தானாகக் கழிய ஏற்பாடு. பென்ஷன் கணக்கென்றால், பிபிஓவில் குடும்பப் பென்ஷனுக்குப் பெயர் உள்ள மனைவியைக் கூட்டாகச் சேர்க்கத் தடையில்லை. பின்னாளில் அதே கணக்கில் குடும்பப் பென்ஷனும் வரும். கூட்டுக் கணக்கில் சேர்ப்பவர் முழுத் தொகையையும் எடுக்க முடியும் என்பதால் மற்ற பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பின்னால் வரும் சண்டையில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

காலம் கடந்துவிட்டால் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டுக் காப்பாளராக நியமனம் பெறுவதுதான் வழி. மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் கார்டை வைத்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. வங்கிக்குத் தெரிந்தால் கணக்கு நிறுத்தப்படும் என்பதை மறக்க வேண்டாம்.

வீடியோ காலில் போலீஸ் உடையில் ஒருவர், 'உங்கள் ஆதாரில் கடத்தல் பார்சல், டிஜிட்டல் கைது' என்று அத்தையை நாள் முழுக்க உட்கார வைத்து எஃப்.டி.யை உடைக்க வைத்துவிட்டார். என்ன செய்வது?
வாசகி, வேலூர்

1930. இது சைபர் மோசடிப் புகாருக்கான எண், முதல் அழைப்பு இதற்கு. அடுத்த நிமிடம் வங்கியின் அவசர எண்ணுக்கு. பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவிக்கொண்டிருக்கும்; எடுத்துவிடுவதற்கு முன் எங்காவது நின்றால் முடக்கலாம். பரிவர்த்தனை எண், தொகை, நேரம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். புகார் எண்ணை எழுதிக்கொண்டு சைபர் கிரைம் தளத்திலும் பதியுங்கள்.

வங்கியிடமிருந்து என்ன எதிர்பார்க்கலாம்? ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் பணம் போயிருந்து, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்குப் பொறுப்பு இல்லை. நீங்களே ஓடிபி கொடுத்தோ அனுப்பியோ இருந்தால், புகார் செய்யும்வரை போனது உங்கள் கணக்கு. புகாருக்குப் பிறகு போனால் வங்கியின் கணக்கு. அத்தை இரண்டாம் வகையில்தான் வருவார். கசப்பான பதில்தான், ஆனால் வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்தால் மிச்சமும் போகும்.

டிஜிட்டல் கைது என்று நம் சட்டத்தில் ஒன்றும் கிடையாது. வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண் வரிசையும், வங்கிகளின் இணைய முகவரிக்கு 'டாட் பேங்க் டாட் இன்' என்ற முடிவும் தரப்பட்டிருக்கின்றன. வீட்டில் உள்ள மற்ற மூத்தோருக்கு ஒரு காரியம் செய்யுங்கள்: எஃப்.டி.யை ஆன்லைனில் உடைக்கும் வசதியை நிறுத்த முடியுமா, நெட்பேங்கிங்கைப் பார்க்க மட்டும் என்று மாற்ற முடியுமா என்று கிளையில் கேளுங்கள். உடைக்க நேரில் போக வேண்டும் என்றால் கவுன்ட்டரில் இருப்பவர் 'எதுக்கும்மா இவ்வளவு?' என்று ஒரு வார்த்தை கேட்பார்.

அப்பாவின் பழைய கணக்கு ஆறு வருடமாகச் சும்மா கிடக்கிறது. அபராதம் பிடித்துத் தீர்த்திருப்பார்களா?
வாசகர், அரியலூர்

இரண்டு வருடம் வரவு செலவு இல்லாவிட்டால் கணக்கு செயலற்றதாகும். வங்கி போடும் வட்டி இதில் சேராது, நீங்கள் ஏதாவது செய்திருக்க வேண்டும். 2024 ஏப்ரல் முதல், செயலற்ற கணக்கில் குறைந்தபட்ச இருப்புக்காக அபராதம் பிடிக்கக் கூடாது; திரும்ப உயிர்ப்பிக்கக் கட்டணமும் கூடாது. சேமிப்பு வட்டி தொடர்ந்து ஏறும். அடையாளச் சான்று, போட்டோ, பாஸ்புக்கோடு அப்பா எந்தக் கிளைக்கும் போய் கேஒய்சி கொடுத்தால் திறந்துவிடும். பத்து வருடம் தாண்டினால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும். அப்போதும் கணக்கு இருந்த வங்கியில் கேட்டு வட்டியோடு வாங்கலாம். பாஸ்புக்கே தொலைந்துவிட்டது என்றால் ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தில் பெயரும் பிறந்த தேதியும் கொடுத்துத் தேடுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டலை இரண்டு மூன்று விதமாக மாற்றிப் பாருங்கள். அந்தக் காலத்தில் லெட்ஜரில் எப்படி எழுதினார்களோ அப்படியேதான் அங்கும் ஏறியிருக்கும்.